சிறிய கல்லூரியா, பெரிய பல்கலைக்கழகமா? பிளஸ் டூ முடித்த பிள்ளைகளின் பெற்றோர் கவனத்திற்கு

 

பிளஸ் டூ தேர்வு முடிவு வந்துவிட்டால் நமது அறக்கட்டளை அலுவலகத்திற்கு வருவோர் கேட்கும் கேள்விகளில் முதலிடம் பிடிப்பது ஒன்றுதான். "பக்கத்து ஊரில் இருக்கும் சிறிய தனியார் கல்லூரியில் சேர்ப்பதா, சென்னையில் இருக்கும் பெரிய பல்கலைக்கழகத்தில் சேர்ப்பதா?" இதற்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிட முடியாது. ஒரு பிள்ளைக்குப் பொருத்தமானது அடுத்த பிள்ளைக்குப் பொருந்தாது. ஆனால் எதையெல்லாம் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்ல முடியும். அதற்காகவே இக்கட்டுரை.

இந்த முடிவு சாதாரணமானதல்ல. பிள்ளையின் மூன்று அல்லது நான்கு ஆண்டுகள் இதில் அடங்கியிருக்கின்றன. வெளிநாட்டில் வெயிலில் நின்று தகப்பனார் அனுப்பிய சேமிப்பும், தாயாரின் நகையும் பல வீடுகளில் இதில்தான் போகின்றன. சில வீடுகளில் வட்டிக் கடனும் இந்த வாசல் வழியாகவே நுழைகிறது. விளம்பரப் பலகையையும், உறவினர் வீட்டுப் பிள்ளை சேர்ந்த இடத்தையும் மட்டும் பார்த்து இதை முடிவு செய்வது நல்லதல்ல.

முதலில் சொற்களைப் புரிந்துகொள்வோம்

"பல்கலைக்கழகம் என்றால் பெரியது, கல்லூரி என்றால் சிறியது" என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மை சற்று வேறு.

கல்லூரிகளில் பெரும்பாலானவை ஏதாவது ஒரு பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகள். பாடம் நடத்துவது கல்லூரி. பட்டம் தருவது பல்கலைக்கழகம். திருச்சி வட்டாரத்துக் கல்லூரியில் படித்தால் பாரதிதாசன் பல்கலைக்கழகப் பட்டம்; நெல்லை வட்டாரத்தில் படித்தால் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகப் பட்டம். ஆகவே "சின்னக் கல்லூரியில் படித்தால் பட்டத்துக்கு மதிப்பு இருக்காது" என்ற பயம் தேவையில்லை. பட்டச் சான்றிதழில் இருப்பது அரசுப் பல்கலைக்கழகத்தின் பெயர்தான்.

தன்னாட்சிக் கல்லூரிகள் என்று ஒரு வகை உண்டு. இவை பாடத்திட்டத்தைத் தாமே வகுத்து, தேர்வையும் தாமே நடத்தும். பட்டம் மட்டும் பல்கலைக்கழகம் வழங்கும்.

அடுத்து நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூன்றாம் பிரிவின்கீழ் இந்தத் தகுதி வழங்கப்படுகிறது. இவை தம் பெயரிலேயே பட்டம் தரும். கட்டணத்தையும் சேர்க்கை முறையையும் பெரும்பாலும் தாமே வகுத்துக்கொள்ளும். தொலைக்காட்சியிலும் நாளிதழின் முழுப்பக்கத்திலும் நாம் பார்க்கும் விளம்பரங்களில் பல இவர்களுடையவைதாம்.

இன்னொரு செய்தி பலருக்குத் தெரிவதில்லை. சென்னைப் பல்கலைக்கழகம் 1857-இல் தொடங்கப்பட்டது. மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1966-இல் வந்தது. இத்தகைய மாநிலப் பல்கலைக்கழகங்களின் சொந்த வளாகங்களில் நடப்பவை பெரும்பாலும் முதுகலை வகுப்புகளும் ஆராய்ச்சியுமே. பி.ஏ., பி.எஸ்ஸி., பி.காம். எல்லாம் இணைப்புக் கல்லூரிகளில்தான் அதிகம் நடக்கின்றன. ஆகவே பிளஸ் டூ முடித்த பிள்ளைக்கு "பெரிய பல்கலைக்கழகம்" என்று நம் முன் வருபவை சிலவே: அண்ணா பல்கலைக்கழகத்தின் வளாகக் கல்லூரிகள், அண்ணாமலைப் பல்கலைக்கழகம், திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் போன்ற மத்திய நிறுவனங்கள், நிகர்நிலை மற்றும் தனியார் பல்கலைக்கழகங்கள். முதல் மூன்றில் இடம் கிடைத்தால் பெரும்பாலான குடும்பங்கள் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. கட்டணம் தாங்கக்கூடியது, பெயரும் உண்டு. சிக்கல் வருவது கடைசி வகையில்தான். "பெரியது" என்ற ஒரே சொல்லுக்குள் இவை எல்லாம் அடங்கிவிடுவதால்தான் குழப்பம்.

சிறிய கல்லூரி எதைத் தரும்?

நல்ல சிறிய கல்லூரியில் ஆசிரியருக்கு மாணவனின் பெயர் தெரியும். இரண்டு நாள் வராவிட்டால் வீட்டுக்கு போன் வரும். தமிழ் வழியில் படித்துவிட்டு முதல் பருவத்தில் ஆங்கிலப் பாடப்புத்தகத்தைக் கண்டு மிரளும் பிள்ளைக்கு இந்தக் கவனிப்பு பெரிய உதவி. நம் வட்டாரப் பிள்ளைகள் பலர் படிப்பை நிறுத்துவது அறிவுக் குறைவால் அல்ல. முதல் ஆண்டில் இரண்டு மூன்று தாள்களில் தோற்று, அதைச் சொல்ல ஆளில்லாமல், வெட்கப்பட்டு விலகிவிடுகிறார்கள். அந்த நேரத்தில் தோளில் கைவைத்து விசாரிக்கும் ஓர் ஆசிரியர் இருந்தால் பிள்ளை தப்பிவிடுவான்.

வீட்டிலிருந்து போய்வரலாம் என்பது இரண்டாவது நன்மை. விடுதிச் செலவு மிச்சம், வீட்டுச் சாப்பாடு, பெற்றோர் கண்காணிப்பு. மூன்றாவது, சிறிய இடத்தில் வாய்ப்புக்குப் போட்டி குறைவு. மேடையில் பேசவும், துறைச் சங்கத்தின் செயலாளராகவும், விழா நடத்தவும் ஒரு சாதாரண மாணவனுக்கும் வாய்ப்பு வரும்.

நமது முன்னோர்கள் கல்லூரிகளை ஏன் கட்டினார்கள் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919-இல் தொடங்கப்பட்டது. திருச்சி ஜமால் முகமது கல்லூரியும் சென்னை புதுக்கல்லூரியும் 1951-இல் தொடங்கப்பட்டன. அதிராம்பட்டினம் காதிர் முகைதீன் கல்லூரி 1955-இலும், உத்தமபாளையம் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி 1956-இலும், இளையான்குடி டாக்டர் சாகிர் உசேன் கல்லூரி 1970-இலும், பாளையங்கோட்டை சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரி 1971-இலும் வந்தன. வணிகம் செய்து ஈட்டிய பொருளை இவர்கள் இப்படிச் செலவிட்டதால் எத்தனையோ வீடுகளில் முதல் பட்டதாரி உருவானார். ஊருக்கு அருகில் கல்லூரி என்பது அன்றைக்குப் பெரிய நிஃமத். இன்றைக்கும் அப்படியே.

ஆனால் எல்லாச் சிறிய கல்லூரிகளும் நல்ல கல்லூரிகள் அல்ல. ஆண்டுக்கு ஆண்டு ஆசிரியர்கள் மாறுவது, ஆய்வகம் பூட்டியே கிடப்பது, நூலகத்தில் பழைய நோட்ஸ் மட்டும் இருப்பது, மாணவர் சேர்க்கை குறைந்து துறையையே மூடுவது போன்றவற்றையும் பார்க்கிறோம். சிறியது என்பதாலேயே அன்பாகக் கவனிப்பார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

பெரிய பல்கலைக்கழகம் எதைத் தரும்?

பல துறைகள் ஒரே வளாகத்தில், பெரிய நூலகம், நல்ல ஆய்வகம், ஆராய்ச்சி செய்யும் பேராசிரியர்கள், பல மாநிலங்களிலிருந்து வந்த மாணவர்கள். தன்னைவிடத் திறமையான பத்துப் பேரோடு படிக்கும் பிள்ளை தானும் உயர்வான். பெரிய நிறுவனங்கள் ஆள் எடுக்க வரும்போது மாணவர் எண்ணிக்கை அதிகமுள்ள இடத்தையே முதலில் தேடும். முன்னாள் மாணவர்கள் உலகெங்கும் இருப்பார்கள். மேற்படிப்புக்கு வெளிநாடு போக நினைப்பவருக்கும் இது உதவும்.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஒரே பாடப்பிரிவில் ஏழெட்டு செக்‌ஷன்கள் இருக்கும் இடத்தில் பிள்ளை வெறும் பதிவு எண்ணாகிவிடலாம். எந்தப் பேராசிரியரின் பெயர் விளம்பரத்தில் இருக்கிறதோ அவர் இளநிலை மாணவருக்கு வகுப்பெடுக்காமலும் இருக்கலாம். தானே கேட்டு, தானே தேடிப் போகும் பிள்ளைக்குப் பெரிய வளாகம் கடல். ஒதுங்கி நிற்கும் பிள்ளை அதே கடலில் தத்தளிப்பான்.

ஆகவே "எது நல்ல நிறுவனம்?" என்று கேட்பதோடு, "என் பிள்ளை எப்படிப்பட்டவன்?" என்றும் கேட்க வேண்டும். அதற்குப் பதில் விளம்பரத்தில் கிடைக்காது, வீட்டில்தான் கிடைக்கும்.

கட்டணம்: முழுக் கணக்குப் போடுங்கள்

பெற்றோரில் பலர் முதல் ஆண்டுக் கல்விக் கட்டணத்தை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். விடுதி, உணவு, பேருந்து, தேர்வுக் கட்டணம், புத்தகம், மடிக்கணினி, ஊருக்குப் போய்வரும் செலவு எல்லாம் சேர்த்து, படிப்பு முடியும் வரைக்கும் கணக்கிட வேண்டும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். இது கணக்குக்காக நாங்கள் எடுத்துக்கொண்ட தொகை. எந்த நிறுவனத்தையும் குறிப்பதல்ல. கலந்தாய்வு மூலம் அருகிலுள்ள பொறியியல் கல்லூரியில் சேரும் ஒரு மாணவனுக்குக் கட்டணம், பேருந்து, இதர செலவு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 1 லட்சம் என்று வைப்போம். நான்கு ஆண்டுக்கு 4 லட்சம். வெளியூர் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் கட்டணம் 2.5 லட்சம், விடுதியும் உணவும் 1.2 லட்சம், இதர செலவு 30 ஆயிரம் என்றால் ஆண்டுக்கு 4 லட்சம். நான்கு ஆண்டுக்கு 16 லட்சம். வித்தியாசம் 12 லட்சம்.

இதில் 8 லட்சத்தை 10 சதவீத வட்டிக்கு வங்கியில் வாங்கினால் வட்டி மட்டும் ஆண்டுக்கு 80 ஆயிரம். மாதத்திற்கு ஏறத்தாழ 6,667 ரூபாய். பையன் படித்து முடித்து 20 ஆயிரம் சம்பளத்தில் சேர்ந்தால், அதில் மூன்றில் ஒரு பங்கு வட்டிக்கே போய்விடும். அசல் அப்படியே நிற்கும். வட்டி ஹராம் என்பது நாம் அனைவரும் அறிந்தது. மார்க்கத்தின் பார்வையிலும், குடும்பக் கணக்கிலும் இது பாரமே. தங்கையின் திருமணமும் தம்பியின் படிப்பும் இதனால் தள்ளிப்போன வீடுகளை நாங்கள் அறிவோம்.

அந்தக் கூடுதல் 12 லட்சத்துக்கு அங்கே என்ன கூடுதலாகக் கிடைக்கிறது என்று கேளுங்கள். தெளிவான பதில் இருந்தால், கையிலும் வசதி இருந்தால் தாராளமாகச் சேருங்கள். "பேர் இருக்கு" என்பது மட்டுமே பதிலாக இருந்தால் ஒரு வாரம் பொறுத்து யோசியுங்கள்.

உதவி பெறும் கல்லூரிகளில் ஒரு நுணுக்கம் உண்டு. அதே கல்லூரியில், அதே பாடத்தில், அரசு உதவி பெறும் பிரிவு ஒன்றும் சுயநிதிப் பிரிவு ஒன்றும் இருக்கும். பட்டம் ஒன்றே. கட்டணத்தில் பெரிய வித்தியாசம். விண்ணப்பிக்கும்போதே உதவி பெறும் பிரிவைக் கேட்டு முதல் நாட்களிலேயே விண்ணப்பியுங்கள். தாமதித்தால் சுயநிதிப் பிரிவுதான் மிஞ்சும்.

நன்கொடை என்ற பெயரில் ரசீது இல்லாமல் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். கேபிடேஷன் கட்டணம் வசூலிப்பதைத் தமிழ்நாட்டில் 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது.

நமக்குரிய உரிமைகள், உதவிகள்

எங்கே சேர்ந்தால் எந்தச் சலுகை கிடைக்கும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு முழுமையாகும்.

பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007 முதல் தமிழ்நாட்டில் 3.5 சதவீத இட ஒதுக்கீடு உள்ளது. அன்சார், தக்னி முஸ்லிம், துதேகுலா, லப்பை (ராவுத்தர், மரைக்காயர் உட்பட), மாப்பிள்ளை, ஷேக், சையது ஆகிய ஏழு பிரிவினர் இதில் அடங்குவர். சாதிச் சான்றிதழில் இப்பிரிவு சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். வெறுமனே "முஸ்லிம்" என்று இருந்தால் கலந்தாய்வு நேரத்தில் அலைய வேண்டி வரும்.

பொறியியல் கலந்தாய்வில் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என 200-க்குக் கட்-ஆஃப் கணக்கிடப்படுகிறது. சிறுபான்மையினர் அல்லாத தனியார் கல்லூரிகள் 65 சதவீத இடங்களையும், சிறுபான்மையினர் கல்லூரிகள் 50 சதவீத இடங்களையும் இந்தக் கலந்தாய்வுக்கு அளிக்கின்றன. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் இந்த வழியாகச் சேருவோருக்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. அதற்கான சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது; அதில் இடம் பெறுவோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது.

நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் இந்தக் கலந்தாய்வுக்குள் வருவதில்லை. எனவே கலந்தாய்வு வழியாக வரும் சலுகைகளை அங்கே எதிர்பார்க்க முடியாது. விளம்பரத்தைப் பார்த்து ஏப்ரலிலேயே முன்பணம் கட்டிவிட்டு, ஜூலையில் நல்ல கல்லூரி கலந்தாய்வில் கிடைத்தும் போக முடியாமல் தவிப்போர் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். எங்கே பணம் கட்டினாலும் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்காமல் விட்டுவிடாதீர்கள்.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்களுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. 2024 டிசம்பர் முதல் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இது விரிவுபடுத்தப்பட்டது. நம் பெண்கள் பலர் உதவி பெறும் பள்ளிகளில் படித்தவர்கள் என்பதால் இதைக் கவனத்தில் கொள்ளுங்கள். ஆண் பிள்ளைகளுக்கு 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டம் உள்ளது.

மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு 2022 முதல் 'க்யூட்' என்ற பொது நுழைவுத் தேர்வு வந்திருக்கிறது. இதற்கான விண்ணப்பம் பிளஸ் டூ முடிவு வருமுன்பே முடிந்துவிடும். இப்போது பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

விளம்பரத்தை எப்படி வாசிப்பது?

"சராசரிச் சம்பளம் 5.7 லட்சம்" என்று ஒரு விளம்பரம் சொல்கிறது என வைப்போம். பத்து மாணவர்களில் ஒன்பது பேருக்கு ஆண்டுக்கு 3 லட்சமும் ஒருவருக்கு 30 லட்சமும் கிடைத்தால் மொத்தம் 57 லட்சம், சராசரி 5.7 லட்சம். கணக்கு சரி. ஆனால் உங்கள் பிள்ளைக்குக் கிடைக்கக்கூடியது 3 லட்சம்தான். ஆகவே சராசரியைக் கேட்காமல் நடுமட்டச் சம்பளத்தைக் கேளுங்கள். எல்லோரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் சம்பளம் அது.

"100 சதவீத வேலைவாய்ப்பு" என்றால் எத்தனை பேரில் 100 சதவீதம் என்று கேட்க வேண்டும். சேர்ந்த எல்லோரிலுமா? தேர்வு எழுதத் தகுதி பெற்றவர்களில் மட்டுமா? உங்கள் பிள்ளை சேரப்போகும் துறையில் எத்தனை பேர்?

இதை எங்கே தெரிந்துகொள்வது? மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசை 2016 முதல் வெளிவருகிறது. இதில் பங்கேற்கும் நிறுவனங்கள் தாம் அளித்த விவரங்களைத் தம் இணையதளத்தில் வைத்திருக்கும். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் உரிய காலத்தில் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, நடுமட்டச் சம்பளம் எவ்வளவு, எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். விளம்பரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அண்ணா பல்கலைக்கழகம் தன் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தையும் வெளியிடுகிறது.

நாக் குழுவின் தரச் சான்று நிறுவனம் முழுவதையும் பார்த்து வழங்கப்படுவது. ஏ++ அதில் உயர்ந்தது. என்பிஏ அங்கீகாரம் பாடப்பிரிவு வாரியாகத் தரப்படும். கல்லூரி வாசலில் "என்பிஏ அங்கீகாரம் பெற்றது" என்று இருந்தாலும், உங்கள் பிள்ளை சேரும் பிரிவுக்கு அது உண்டா என்று கேளுங்கள். இன்னும் நடப்பில் இருக்கிறதா என்றும் பாருங்கள். யுஜிசி தன் இணையதளத்தில் போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை வெளியிடுகிறது. புதுப் பெயராக இருந்தால் அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில்

"பக்கத்தில் கல்லூரி இருந்தால் படிக்கட்டும், இல்லாவிட்டால் வேண்டாம்" என்று சொல்லும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. பெற்றோரின் கவலை நியாயமானது; அதை நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் கவலைக்குத் தீர்வு காண வேண்டுமே தவிர, படிப்பை நிறுத்துவது தீர்வாகாது.

அருகில் நல்ல கல்லூரி இருந்தால் பெண் பிள்ளைக்கு அதுவே பெரும்பாலும் சிறந்தது. அரசு நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து கட்டணம் இல்லை என்பதால் போக்குவரத்துச் செலவும் குறைவு. அவள் விரும்பும் பாடம் அருகில் இல்லாதபோது, "இருப்பதில் ஏதாவது ஒன்றில் சேர்ந்துகொள்" என்று சொல்வதற்கு முன் பெண்கள் கல்லூரிகளையும் அவற்றின் விடுதிகளையும் விசாரியுங்கள். சென்னை நீதிபதி பஷீர் அகமது சயீத் மகளிர் கல்லூரி, கீழக்கரை தாசிம் பீவி அப்துல் காதர் மகளிர் கல்லூரி போன்றவை இந்தத் தேவைக்காகவே எழுந்தவை.

விடுதியில் சேர்ப்பதானால் தாயும் தகப்பனும் நேரில் போய்ப் பாருங்கள். வார்டன் அங்கேயே தங்குகிறாரா, வெளியே போய்வரும் பதிவேடு ஒழுங்காக இருக்கிறதா, இரவில் உடல்நலம் கெட்டால் என்ன ஏற்பாடு, உள்புகார்க் குழு இருக்கிறதா என்று கேளுங்கள். ஏற்கெனவே அங்கே தங்கியிருக்கும் இரண்டு மாணவிகளிடம் தனியாகப் பேசுங்கள். வார்டன் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள்.

மகளோடும் மஷூரா செய்யுங்கள். அவளுடைய மூன்று ஆண்டுகளை அவளைக் கேட்காமல் முடிவு செய்வது சரியல்ல.

மார்க்கச் சூழல்

ஜும்ஆ நேரத்தில் வகுப்போ தேர்வோ வருகிறதா, அருகில் பள்ளிவாசல் உண்டா, தொழ இடம் கிடைக்குமா, ரமளானில் விடுதியில் ஸஹருக்கு உணவு தருவார்களா, உணவு ஹலாலா, உடை விதி என்ன என்பதையெல்லாம் சேருமுன்பே கேட்டுவிடுங்கள். தயங்க வேண்டியதில்லை. பிற சமயத்தார் நடத்தும் பல நிறுவனங்களில் இதற்குக் கண்ணியமான ஏற்பாடு இருப்பதைக் கண்டிருக்கிறோம். நம்மவர் நடத்துகிறார்கள் என்பதற்காகவே தரம் குறைந்த இடத்தில் சேர்க்க வேண்டியதும் இல்லை. நல்ல பழக்கம் வீட்டில் ஊன்றியிருந்தால் பிள்ளை எங்கும் நிலைத்து நிற்பான், இன்ஷா அல்லாஹ்.

இரண்டையும் இணைக்கும் வழி

கல்லூரியா, பல்கலைக்கழகமா என்பது வாழ்நாளுக்கான ஒரே முடிவு அல்ல. இளநிலையை அருகிலுள்ள நல்ல கல்லூரியில் குறைந்த செலவில் முடித்து, மிச்சப்பட்ட பணத்தில் முதுநிலையைப் பெரிய பல்கலைக்கழகத்தில் படிக்கலாம். மூன்று ஆண்டில் பிள்ளைக்குப் பக்குவமும் வந்துவிடும். தனக்கு என்ன வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். முதுநிலைக்குப் போகும் இடம்தான் பெரும்பாலும் விண்ணப்பத்தில் முன்னால் தெரியும்.

டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்கள் திருச்சி புனித வளனார் கல்லூரியில் பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தார். பட்டம் பெற்றபின்தான் தம் விருப்பம் பொறியியலில் இருப்பதை உணர்ந்தார். பிறகு சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படித்தார். அன்றைக்கு எம்.ஐ.டி. 1949-இல் தொடங்கிய ஒரு தனியார் நிறுவனம். இன்று அது அண்ணா பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கம். சேர்க்கைக் கட்டணத்துக்காக அவருடைய சகோதரி ஸோஹரா தம் வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார். இதில் நமக்குப் பாடம் இரண்டு. முதல் கல்லூரியில் தவறிய திசையைப் பிறகும் திருத்திக்கொள்ளலாம். குடும்பம் தியாகம் செய்வதாக இருந்தால், அது பிள்ளை உறுதியாக விரும்பும் படிப்புக்காக இருக்கட்டும். பெயர்ப் பலகைக்காக வேண்டாம்.

படிப்பைப் பொறுத்தும் முடிவு மாறும். பி.காம்., பி.ஏ., பொதுவான பி.எஸ்ஸி. போன்றவற்றுக்கு அருகிலுள்ள தன்னாட்சிக் கல்லூரியோ உதவி பெறும் கல்லூரியோ போதும், கூடவே சி.ஏ. அல்லது போட்டித் தேர்வுக்குப் படிக்க நேரமும் கிடைக்கும். விலையுயர்ந்த ஆய்வகம் தேவைப்படும் பொறியியல், அறிவியல் பிரிவுகளுக்கு வசதியுள்ள பெரிய நிறுவனம் நல்லது. கட்டணம் கைக்குள் இருக்க வேண்டும்.

சேருமுன் கேட்க வேண்டியவை

1. பட்டம் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரில் வரும்?
2. இந்தப் பிரிவில் ஆசிரியர்கள் எத்தனை பேர்? எத்தனை ஆண்டுகளாக இருக்கிறார்கள்? (பொறியியலில் 20 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பது ஏஐசிடிஇ விதி.)
3. கடந்த ஆண்டு இந்தப் பிரிவில் சேர்ந்தவர்கள், உரிய காலத்தில் தேர்ச்சி பெற்றவர்கள் எத்தனை பேர்?
4. நடுமட்டச் சம்பளம் எவ்வளவு? ஆள் எடுத்த நிறுவனங்கள் எவை?
5. கட்டணம் ஆண்டுதோறும் உயருமா? எவ்வளவு? எழுத்தில் தருவீர்களா?
6. இடையில் விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்?

கடைசிக் கேள்விக்கு யுஜிசி 2018-இல் விதி வகுத்திருக்கிறது. சேர்க்கைக்கு அறிவித்த கடைசித் தேதிக்கு 15 நாட்களோ அதற்கு மேலோ இருக்கும்போது விலகினால் முழுத் தொகையும் திரும்பத் தர வேண்டும். அலுவலகச் செலவாக 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் மட்டும் பிடிக்கலாம். கடைசித் தேதிக்கு முந்தைய 15 நாட்களுக்குள் என்றால் 90 சதவீதம். அத்தேதி கடந்து 15 நாட்களுக்குள் 80 சதவீதம். அதன்பின் 30 நாட்கள் வரை 50 சதவீதம். அதற்கு மேல் எதுவும் இல்லை. சில ஆண்டுகளில் இதைவிடத் தாராளமான சுற்றறிக்கையும் வந்திருக்கிறது. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் அதே விதியில் உள்ளது. சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும். ஆகவே அசலைக் கொடுத்துவிட்டு மாட்டிக்கொள்ளாதீர்கள்.

ராகிங் கொடுமை நடந்தால் 1800-180-5522 என்ற இலவச எண்ணில் எந்நேரமும் புகார் செய்யலாம். பிள்ளையின் போனில் இதைப் பதிந்து வையுங்கள்.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது திறப்பு விழா நாளில் போகாமல் ஒரு சாதாரண வேலை நாளில் போங்கள். வகுப்பு நடக்கிறதா, ஆய்வகம் திறந்திருக்கிறதா, நூலகத்தில் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று பாருங்கள். வாசலில் உள்ள டீக்கடையில் நிற்கும் மூன்றாம் ஆண்டு மாணவனிடம் பத்து நிமிடம் பேசினால் போதும், பாதி விவரம் தெரிந்துவிடும்.

நிறைவாக

நல்ல சிறிய கல்லூரியும் உண்டு, வீணான பெரிய பல்கலைக்கழகமும் உண்டு, மறுதலையும் உண்டு. அளவைப் பார்க்காமல், படிப்பு, ஆசிரியர், முழுச் செலவு, பிள்ளையின் இயல்பு ஆகிய நான்கையும் பாருங்கள். குடும்பத்தோடு மஷூரா செய்யுங்கள். இஸ்திகாரா தொழுங்கள். வட்டிக் கடனுக்குக் கையெழுத்துப் போடுமுன் ஒருமுறை எங்களிடம் வாருங்கள். ஸகாத் நிதியிலிருந்து தகுதியுள்ளோருக்கு உதவியும், மற்றவர்களுக்கு வட்டியில்லாக் கர்ளன் ஹஸனாவும் நம் அறக்கட்டளை தன்னால் இயன்ற அளவு வழங்குகிறது. எல்லாருக்கும் கொடுக்கும் அளவுக்கு நிதி இல்லை என்பதும் உண்மை. ஆகவே முன்பு உதவி பெற்றுப் படித்து இன்று நல்ல நிலையில் இருப்போர் தாம் வாங்கியதைத் திருப்பிச் செலுத்தினால், அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு அது கட்டணமாகும்.

கலந்தாய்வு முடியும் வரை வெள்ளி தவிர மற்ற நாட்களில் அஸர் தொழுகைக்குப் பின் அலுவலகத்தில் வழிகாட்ட ஆள் இருப்பார். மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் ஆகியவற்றின் நகலோடு பிள்ளையையும் கூட்டி வாருங்கள். விண்ணப்பத்தை இங்கேயே கணினியில் நிரப்பித் தருகிறோம்.

நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், ஹலாலான ரிஸ்க்கையும், பெற்றோருக்குக் கண்குளிர்ச்சியையும் வல்ல ரஹ்மான் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்,
செயலாளர்